வீழ்த்துபவனே காவலன்

மற்போர் என்றதும், ஒருவன் மற்றொருவனை மண்ணில் சாய்க்கும் காட்சியே நம் நினைவுக்கு வரும். ஆனால், மக்களை மகிழ்விக்க மேடையில் நிகழும் தொழில்முறை மற்போர் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்பெற்றது. "எல்லாம் நடிப்புத்தானே!" என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். முடிவு நடிப்பாக இருக்கலாம், வீழ்ச்சி நடிப்பன்று. புவியீர்ப்பு எவரோடும் ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. அவ்வேகம் ஒரு சென்டிமீட்டர் தொலைவில் அடங்கினால், உடல் தாங்கும் விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு; பத்து சென்டிமீட்டரில் அடங்கினால் 15 மடங்கே. இதனால்தான் மேடைப் பலகைகள் வளைந்து கொடுக்குமாறு அமைக்கப்பட்டு, அவற்றின்மேல் மெத்தையும் கித்தானும் விரிக்கப்படுகின்றன.

விழுபவன் மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காக்கிறான். மூச்சை வெளியே விட்டு, மேல்முதுகு முழுவதும் ஒருங்கே படும்படி விழுகிறான். விரித்த கைகளால் தரையை அறைகிறான். விசை அகன்ற பரப்பில் பகிரப்படுகிறது. எழும் ஓசையோ பார்ப்பவர்க்கு விருந்து!

விசையைப் பரப்பும் இவ்வுண்மையைப் பாலக்காட்டு மண்ணும் அறியும். பல்லசனாவில் ஓண நாட்களில் நடைபெறும் ஓணத்தல்லில் விரித்த உள்ளங்கையால் மட்டுமே அடிக்கலாம். கைமுட்டியால் குத்துவதும் காலால் உதைப்பதும் கூடா. அது உண்மைப் போட்டி. எனினும் எதிரியின் உடலுக்கு அங்கே வரம்பு உண்டு.

மேடை மற்போரில் பெரும்பொறுப்பு தூக்குபவனுடையது. தூக்கப்படுபவன் தானும் எம்பி உதவுவான். ஆனால், கால் தரையை விட்டபின் அவன் உயிர் பிறன் கையில். ஆகவே, தூக்குபவன் பிடியைத் தளர்த்தாமல், அவன் முதுகு தட்டையாகப் படியும்வரை சுழற்சியை ஆள வேண்டும். எதிரி ஆயத்தமாக இல்லையெனில் அம்முறையையே கைவிட வேண்டும்.

1997 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது இதற்குச் சான்று. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கினார். முழந்தாளிட்டு இறங்கினால், எதிரியின் தலைக்கும் தரைக்கும் இடையே இடைவெளி இருக்கும். ஹார்ட்டோ உட்கார்ந்தவாறு இறங்கினார். ஆஸ்டினின் தலை தரையில் மோதியது, கழுத்து நசுங்கியது, சிறிது நேரம் அவரால் அசையவும் இயலவில்லை. இருவரும் தேர்ந்த வீரர்கள். வேறுபாடோ சில அங்குலமே!

மூணாறு, பீர்மேடு தோட்டத்து லயங்களிலும், சித்தூர்ப் பள்ளித் திடல்களிலும் தொலைக்காட்சியில் கண்ட பிடிகளைத் தம்பிமார் போட்டுப் பார்ப்பதுண்டு. அங்கே வளையும் பலகை இல்லை. விழக் கற்றவரும் இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, அவர்களுக்கு இதை எடுத்துரையுங்கள்: எதிரி மறுநாளும் எழுந்து நடக்க வேண்டும் என்பதே அக்கலையின் முதல் விதி.