பொட்டாசியம் மாத்திரை: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று சொன்னால் போதும். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிளினிக்கில் கொடுத்த இந்த மாத்திரையில் சரியாகிவிட்டது. நீங்களும் இரண்டு போட்டுப் பாருங்கள்" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை நீட்டுவார். தோட்ட லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் மருந்து இப்படிக் கைமாறுவது புதிதல்ல. ஆனால், அந்தப் பையில் இருப்பது பொட்டாசியம் மாத்திரை என்றால், நல்லெண்ணத்தில் செய்த உதவி மருத்துவமனையில் போய் முடியலாம்.

பொட்டாசியம் ஒரு தாது உப்பு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் கீரையிலும் இருப்பதுதான். அதனாலேயே பலர் இதை வெறும் சத்து மாத்திரை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் தசைகள் இயங்கவும் இதயம் சீராகத் துடிக்கவும் இரத்தத்தில் இதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். பொதுவாக அந்த எல்லை லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. அதற்குக் கீழே வெகுவாக இறங்கினாலும், மேலே வெகுவாக ஏறினாலும் இதயத் துடிப்பு தடுமாறும்.

யாருக்குக் கொடுக்கிறார்கள்?

கால் வீக்கம், இதயப் பலவீனம், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பலர் ‘தண்ணி மாத்திரை’ சாப்பிடுகிறார்கள். ஃபுருசமைட், ஹைட்ரோகுளோரோதயாசைட் போன்ற தண்ணி மாத்திரைகள் உடலில் உள்ள அதிகப்படியான நீரைச் சிறுநீராக வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றிவிடும். அப்படி அளவு குறைந்தவர்களுக்குத்தான், அதை ஈடுகட்ட மருத்துவர் பொட்டாசியம் எழுதிக் கொடுக்கிறார். ‘ஸ்லோ-கே’ என்ற பெயரில் பலர் அறிந்த 600 மில்லிகிராம் மாத்திரை இந்த வகையைச் சேர்ந்தது.

எல்லாத் தண்ணி மாத்திரையும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற தண்ணி மாத்திரை பொட்டாசியத்தை வெளியே விடாமல் உடலிலேயே தங்க வைக்கும். அதைச் சாப்பிடுகிறவர் பொட்டாசியம் மாத்திரையையும் தானாகச் சேர்த்துக்கொண்டால் அளவு மளமளவென ஏறிவிடும்.

வாழைப்பழத்தைவிடக் குறைவுதானே?

600 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள பொட்டாசியம் சுமார் 310 மில்லிகிராம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் மாத்திரைக்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம்.

பதில் சிறுநீரகத்தில் இருக்கிறது. நல்ல சிறுநீரகம், மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரில் கழித்துவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போவதற்கு இனிப்பு நீர்தான் முதன்மைக் காரணம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியும் அது தெரியாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒரு நாளைக்கு நான்கு, ஆறு மாத்திரைகள் சேர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்திலேயே தேங்கும்.

வேறு சில மருந்துகளும் இதைக் கூட்டும். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பெரின்டோபிரில், லோசார்டன் போன்றவை பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். மூட்டுவலி, பல்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் பொன்ஸ்டன், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தின் வேலையைக் குறைக்கக்கூடியவை.

சமையலறையையும் பார்க்க வேண்டும். கொதிப்புக்கு நல்லது என்று பேரங்காடியில் வாங்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடுதான். மாத்திரையில் இருப்பதும் அதேதான். தினமும் இளநீரோ நோனிச் சாறோ குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடம்பு சொல்வதை நம்பலாமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொட்டாசியம் குறைந்தால் உடல் சோர்வு, தசை பலவீனம், கால் இழுப்பு, படபடப்பு வரலாம். கூடினாலும் சோர்வும் பலவீனமும் படபடப்பும் வரலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே அளவு ஏறி, நேராக இதயத் துடிப்பில் போய்க் கைவைக்கும். "அசதியாக இருக்கிறது, இன்னொன்று போட்டுக்கொள்கிறேன்" என்பது அதனால்தான் ஆபத்தான கணக்கு. கால் இழுப்புக்கு வேறு பல காரணங்களும் உண்டு. குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மருந்துச் சீட்டைக் காட்டி மாதாமாதம் மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ள முடிகிறது என்பதற்காக, இரத்தம் எடுக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது.

எப்படிச் சாப்பிடுவது?

பையின் மேல் ‘செலெப்பாஸ் மாக்கான்’ என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் வயிற்றில் இது குடலையும் இரைப்பையையும் அரிக்கும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே, ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை என்பதால் கடிக்கவோ நசுக்கவோ கூடாது. உட்கார்ந்தபடி விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருப்பது நல்லது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகிவிடும்.

விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காமல், திரவ மருந்து கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். அதையும் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை நெருங்கியிருக்கும்போது மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். மலத்தில் மாத்திரையின் கூடு போல ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. மருந்து கரைந்தபின் மிஞ்சும் வெற்றுக் கூடுதான் அது.

கடுமையான வயிற்றுவலி, கறுத்த மலம், இரத்த வாந்தி, மார்பு வலி, மயக்கம், கை கால் தளர்ந்துபோவது, துடிப்பு தாறுமாறாவது ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு நீடித்தாலும் நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்; மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணி மாத்திரையை மருத்துவர் நிறுத்தினாலோ குறைத்தாலோ, "அப்படியானால் பொட்டாசியம் மாத்திரை?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நிறுத்தச் சொன்னபின் மிஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைக்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் இழுத்தால், மாத்திரைக்குப் பதிலாக, இரத்தப் பரிசோதனைக்குத் துணையாகப் போய் வாருங்கள்.