எலும்புத் தேய்மான மருந்தா? முதலில் பல்லைக் காட்டுவோம்

வீட்டில் வயதான உம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் எலும்புத் தேய்மானம் என்கிறார். வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமோ, ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசியோ எழுதித் தருகிறார். நல்ல மருந்துகள்தாம், அடுத்த முறிவைத் தடுப்பவை. ஆனால் அவற்றைத் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எலும்பில் பழையது அரிக்கப்படுவதும் புதியது வளர்வதும் ஓயாமல் நடக்கும் வேலை. இம்மருந்துகள் அந்த அரிப்பை மந்தப்படுத்துகின்றன. தாடை எலும்பிலோ இந்த வேலை மற்ற எலும்புகளைவிட வேகமானது. அதை மூடியிருப்பதும் மெல்லிய ஈறுதான். பல் பிடுங்கிய குழி ஆற எலும்பு புதுப்பிக்கப்பட வேண்டும். அது மந்தமாகி, வாய்க் கிருமிகளும் சேர்ந்துகொண்டால், அரிதாகச் சிலருக்குக் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிகிறது. எட்டு வாரங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால் அதைத் தாடை எலும்புச் சிதைவு என்கிறார்கள். 2003இல் மயாமி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க்ஸ் 36 பேரின் பாதிப்பை எழுதிய பிறகே இது பரவலாகத் தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இம்மருந்துகளை அடிக்கடி ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு எடுப்பவர்களில் பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கே இது வருகிறது.

எனவே ஆடும் பல், சொத்தைப் பல், சீழ் பிடித்த ஈறு எல்லாவற்றையும் மருந்துக்கு முன்பே கவனித்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறவிட வேண்டும். ஈறில் உராயும் பல்செட்டைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களிடம் இதைச் சொல்வது சிரமம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே மருந்து தொடங்கியவர்கள்? பல் மருத்துவர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் உம்மா பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உள்ளதை மட்டும் சொல்வார். எட்டு மாதம் முன்பு ஏற்றிய டிரிப்ஸ் அவர் கணக்கில் மாத்திரையே அல்ல! கூடப் போகும் பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவை எலும்பில் பல ஆண்டுகள் தங்குவதால், நிறுத்திவிட்ட மருந்தையும் சொல்ல வேண்டும். வேர் சிகிச்சையில் பல்லைக் காப்பாற்ற முடியுமென்றால் பிடுங்குவதைவிட அதுவே மேல். ஈறு ஆறாமை, சீழ், கீழுதடு மரத்துப்போதல் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

இதைப் படித்துப் பயந்து யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்து தாடைச் சிதைவைவிடப் பன்மடங்கு அதிகம். டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டாலோ, வேறு மருந்துக்கு மாறாமல் நிறுத்தினாலோ முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். ஊசி போட்ட தேதியைச் சீட்டில் குறித்து இரு மருத்துவர்களிடமும் காட்டினால், பல் பிடுங்கும் நாளை அவர்கள் அதற்கேற்ப முடிவு செய்வார்கள்.