112 அடி நீள மனு: இரட்டைமலை சீனிவாசனை நினைவுகூர்வோம்

திங்கட்கிழமை காலையில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், கையில் மனுவோடு நிற்கும் வரிசையைப் பார்க்கலாம். பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், பட்டாசு ஆலை விபத்து நிவாரணம் என ஆளுக்கொரு கோரிக்கை. ஒடுக்கப்பட்ட மக்களின் குறையை மனுவாக்கி ஆட்சியாளர்களின் மேசைவரை கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். செப்டம்பர் 18 அவருடைய நினைவு நாள்.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். கோவையில் படித்தபோது, உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். விட்டதும் யாரோடும் சேராமல் வீட்டுக்குப் போய்விடுவார். 1939-இல் வெளிவந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அப்படி ஒதுங்கிப்போன பையன்தான் பிறகு நிமிர்ந்து நின்றார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்து, 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் பத்து ரூபாய் செலவில் 'பறையன்' பத்திரிகையை ஆரம்பித்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே பத்திரிகையின் தலைப்பாக வைத்தார்.

அதே காலத்தில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற குரல் எழுந்தது. அப்படி நடந்தால் உயர் பதவிகள் எல்லாம் மேல்சாதியினர் கைக்கே போகும் என்று கருதிய அவர், 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

குறைகளை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று 1900-இல் லண்டனுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்ததோ ஆப்பிரிக்காவுக்கு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக உழைத்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, அறுபது வயதைத் தாண்டித்தான் ஊர் திரும்பினார்.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. 1923-இல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். எழுபது வயதில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். இளமையில் போய்ச் சேர முடியாத லண்டனுக்கு முதுமையில் போய்விட்டார்.

1945-இல் மறைந்தார். சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் 1924-இல் சட்டமன்றம் திறந்துவிட்ட பாதைகளுக்காக, நம் ஊர்களில் இன்றும் மனு எழுத வேண்டியிருக்கிறது.

பட்டாசு ஆலைக்குப் போகும் தாய் தந்தையின் கைக்காசில் படிக்கும் மாணவர்களே, உங்கள் தெருவுக்காக ஒரு மனுவை நீங்களே எழுதிப் பாருங்கள். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போங்கள். அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான்.