ஆடும் காலும் உண்ணும் உணவும்

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை, முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் மட்டுமன்றிச் சதிராட்டத்திற்கும் பெயர்பெற்ற ஊராகும். அக்கோயிலில் சிறுவயது முதல் ஆடிவந்த விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. முதுமையிலும் அவர் பாடி, அபிநயம் பிடித்துக் காட்டியதைக் கண்டோர் வியந்தனர். ஆடல் கலை மட்டுமன்று. உடலின் கடும் உழைப்புமாகும். அவ்வுழைப்பைத் தாங்கும் வலிமையை அளிப்பது உணவே.

அரைமண்டியில் நின்று தட்டடவு ஆடும்பொழுது தொடைத்தசைகள் இடையறாது இயங்குகின்றன. அவற்றிற்குரிய முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தாகும். சோறு, கம்பு, வரகு முதலியவற்றிலுள்ள மாவுச்சத்து செரிமானத்தின்போது குளுக்கோசாக மாறுகிறது. அதன் ஒரு பகுதி தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. இச்சேமிப்புக் குறைந்தால் கால் தளரும், கவனம் சிதறும், தாளம் பிசகும். ஆகவே, ஆடுவதற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு முன்னர் இட்டிலி போன்ற எளிதில் செரிக்கும் உணவை உண்ணுதல் நன்று. வியர்வையால் இழந்த நீரை அவ்வப்போது ஈடுசெய்தலும் வேண்டும்.

பயிற்சிக்குப்பின் தசையைச் சீராக்குவது புரதம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதியாக உள்ளது. சோற்றோடு பருப்பைச் சேர்த்துண்ணும் நம் வழக்கம் இக்குறையை நிறைவு செய்கிறது.

பாதம் தரையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் எலும்பு அவ்வதிர்வைத் தாங்குகிறது. எலும்புக்கு உறுதி தரும் கால்சியம், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. குருதி, தசைகளுக்கு உயிர்வளியைக் கொண்டு செல்ல இரும்புச்சத்து தேவை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். கீரை, பயறு ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

மேடையில் மெலிந்து தோன்ற விரும்பி உணவைக் குறைக்கும் மாணவியர் உளர். இது தீங்கு பயப்பதாகும். உழைப்புக்கேற்ற ஆற்றல் கிடைக்காதபொழுது உடல் தன் பிற பணிகளைச் சுருக்கிக்கொள்கிறது. மாதவிடாய் முறை தவறுகிறது. எலும்பு வலுவிழந்து நுண்முறிவு நேர்கிறது. எலும்பு தன் உறுதியில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது வளரிளம் பருவத்தில்தான். அப்பருவத்தில் தட்டில் குறைத்த உணவு, பின்னாளில் காலின் வலிமையைக் குறைக்கும். நெடுங்காலம் ஆட விழைவோர் முதலில் நிறைவாக உண்ணக் கற்றல் வேண்டும்.