தோளுக்குள் இருக்கும் நால்வர்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் இன்றைக்கும் சரக்கு ஏற்றுவது ஆட்கள்தான். வெங்காய மூட்டையோ சிமென்ட் மூட்டையோ, எல்லாம் தோளிலும் முதுகிலும்தான் ஏறுகிறது. அந்த லோடுமேன் அண்ணாச்சிமாரின் புஜத்தைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். இதே ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற எனக்கு, வெளியே தெரிகிற புஜத்தைவிட அதற்கு அடியில் மறைந்து கிடக்கும் நான்கு சின்னத் தசைகள் மேல்தான் கவலை. என்னிடம் வருகிற தோள்வலிகளில் நிறைய அங்கேதான் தொடங்குகின்றன.

புஜம் என்று நாம் தட்டிக் காட்டுகிற தசைக்கு டெல்டாய்டு என்று பெயர். ஊசி போடுகிற இடம் அதுதான். காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பிலும் தொடங்கி, தோளை முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் மூடிக்கொண்டு இறங்கி, மேற்கை எலும்பின் நடுவில் ஒட்டுகிறது. கையை முன்னால் நீட்ட, பக்கவாட்டில் தூக்க, பின்னால் இழுக்க மூன்றுக்கும் அதில் தனித்தனிப் பகுதி உண்டு. நல்ல பலசாலி. ஆனால் அதைத் தனியே விட்டால் மேற்கை எலும்பை நேராக மேலே இழுத்து, மூட்டுக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பில் கொண்டுபோய் இடித்துவிடும்.

இதற்குக் காரணம் மூட்டின் அமைப்பு. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணம் மிகவும் மேலோட்டமானது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, அப்படித்தான் பந்து அதில் நிற்கிறது. எந்த நேரமும் பந்தின் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் கிண்ணத்தைத் தொடும். கை இத்தனை திசைகளில் சுழல்வது இதனால்தான். எளிதில் நழுவுவதும் இதனால்தான். உடம்பில் பெரிய மூட்டுகள் விலகிப்போகிற சம்பவங்களில் ஏறக்குறைய பாதி தோளில் நடக்கிறது.

பந்து நழுவாமல் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பவைதான் அந்த நான்கு தசைகள். சுப்ராஸ்பைனேட்டஸ் மேலேயும், இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும் பின்னேயும், சப்ஸ்கேப்புலாரிஸ் முன்னேயும் இருந்து பந்தைச் சுற்றி வளைக்கின்றன. நான்கும் தோள்பட்டை எலும்பில் தொடங்குபவை. டாக்டர்கள் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். கையில் எதுவுமே இல்லாமல் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டினால்கூட, மூட்டுக்குள் விழுகிற அழுத்தம் ஏறத்தாழ நம் உடல் எடையை நெருங்கிவிடும். அதன் மேல் மூட்டையும் சேர்ந்தால்? ஓர் ஆண் கையால் தூக்கிச் சுமக்கும் பளு 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது சும்மா இல்லை.

நால்வரில் அதிகம் அடிபடுவது மேலே இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸ். அதன் தசைநாண் அந்த எலும்புக் கூரைக்குக் கீழே, குறுகலான சந்தில் நுழைந்து போகிறது. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா வந்திருந்தார். நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை வாரி இழுப்பதும், வாரிய உப்பைப் பெட்டியில் தலைச்சுமையாகக் கரையேற்றுவதும் அவருடைய வேலை. எங்கே வலி என்றதும் புஜத்தின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னேன். இடுப்பைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. மார்பு உயரம் வந்ததும் பல்லைக் கடித்தார், தோளைக் காது வரை குறுக்கினார். தலைக்கு மேலே போனதும் முகம் தெளிந்துவிட்டது.

“சடை பின்ன முடியுதா அக்கா?”

“எங்க டாக்டரம்மா, கொண்டை போட மகதான் வரணும்.”

நடுவில் மட்டும் வலித்து, மேலே போனதும் குறைகிற இந்த அடையாளம் முக்கியமானது. ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகைக்குள் அந்தத் தசைநாண் கூரைக்கடியில் நசுங்குகிறது. நோவு அங்கே; வலி தெரிவதோ புஜத்தில். அதனால்தான் புஜத்தை எத்தனை நாள் எண்ணெய் போட்டு உருவினாலும் தீர்வதில்லை.

தோள்பட்டை எலும்பையும் பார்க்க வேண்டும். முதுகில் விலா எலும்புகள் மேல் வழுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தத் தட்டையான எலும்பில் 17 தசைகள் ஒட்டியிருக்கின்றன. இன்மன், சாண்டர்ஸ், அபட் மூவரும் 1944-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எங்கள் பாடம்: கை முழுதாக 180 பாகை மேலே போனால், சுமார் 120 பாகை மூட்டில் நடக்கிறது, மிச்சம் 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதால் வருகிறது. அதைத் திருப்புகிறவை கழுத்திலிருந்து முதுகு வரை விரிந்த ட்ரபீசியஸும், விலாப் பக்கத்தில் ஒட்டிய செராட்டஸ் ஆன்டீரியரும். கரைவலை இழுக்கிறவர்களுக்கு முதுகுத் தசைகள் இறுகிப் பலப்பட்டிருக்கும். ஆனால் எதையாவது தள்ளும்போது உழைக்கிற செராட்டஸுக்கு அந்த இழுப்பில் பெரிய வேலை இல்லை. இழுவையே தொழிலானவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சுவரில் கை ஊன்றித் தள்ளுகிற பயிற்சிதான்.

இன்னொன்று வீட்டிலேயே செய்யலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய பழைய சைக்கிள் ட்யூபை வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து விட வேண்டும். துண்டு கீழே விழக் கூடாது. பின்பக்கத்துத் தசைகள் இரண்டும் இதில்தான் பலப்படும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூட்டைச் சுற்றிய உறையே இறுகி, தோள் எந்தப் பக்கமும் அசையாமல் போவதுண்டு. அது தசைக்கோளாறு இல்லை, வைத்தியம் வேறு. இடது தோள்வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் என்னிடம் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் மிகவும் பயப்படுவது சங்கு குளிக்கிறவர்களின் தோள்வலிக்குத்தான். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் கல்லில் கால் வைத்து இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் வேலையை முடித்து ஏறினார்கள். இப்போது சங்கு எடுப்பவர்கள் பலர் படகில் ஓடுகிற கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு நீண்ட நேரம் அடியில் இருக்கிறார்கள். ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகிவிடும். அந்தக் குமிழி வலி முதலில் தெரிகிற இடங்களில் தோள் முக்கியமானது. அழுத்தினாலும் அதிகமாகாது, உருவினாலும் குறையாது. உள்ளே குடைந்துகொண்டே இருக்கும். மூட்டை தூக்கிய வலி என்று நினைத்து மறுநாளும் கடலில் இறங்கி, வருடக்கணக்கில் அப்படியே விட்டால், ரத்த ஓட்டம் நின்று மேற்கை எலும்பின் பந்தே செத்துப்போகும் ஆபத்து உண்டு. அதற்குப் பிறகு எந்தத் தசையைப் பலப்படுத்தியும் பயனில்லை.

சங்கு குளித்து ஏறிய சில மணி நேரத்தில் தோள் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணாதீர்கள். மறுபடி தண்ணீரில் இறங்காமல், படுக்க வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடலில் சங்கு குளித்தவர் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். படகு வைத்திருக்கிற அண்ணாச்சிமாரே, கம்ப்ரஸருக்கு டீசல் வாங்கும்போது ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் சேர்த்து வாங்கிப் படகில் வையுங்கள்.