சுக்கானும் சுருள் நாடாவும்

கலத்தின் போக்கைத் திருப்பும் கருவியைச் 'சுக்கான்' என்கிறோம். இச்சொல் அரபு மொழியிலிருந்து கடல்வழியே நம் கரைக்கு வந்து தமிழோடு கலந்தது. 'மாலுமி' என்பதும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே என்பர் சொல்லாய்வாளர். மீகாமன், நீகான் எனப் பழந்தமிழில் தூய சொற்கள் வழங்கியிருந்தும், வணிகர்தம் மரக்கலங்களோடு வந்த சொற்களை நம் முன்னோர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர். நிலத்தில் ஓடும் ஊர்திக்கு அதே பணியைச் செய்யும் வளையத்தைப் பாடநூல்கள் 'திசைமாற்றி' என்று குறிக்கின்றன. பட்டறைகளிலோ அது ஸ்டியரிங்தான். பட்டறைக்குச் செல்வோர்க்குப் பயன்பட வேண்டும் என்பதால் இக்கட்டுரையில் பட்டறைச் சொற்களையே ஆளுகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் ஸ்டியரிங் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். நம் மாணவர் பலருடைய இல்லங்களில் தந்தையோ தமையனோ ஓட்டுநராகவோ மெக்கானிக்காகவோ உள்ளூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணியாற்றி வருகின்றனர். அவர்கள் நாள்தோறும் கைவைக்கும் ஒரு கருவி கடந்த சில பதிற்றாண்டுகளில் உள்ளுக்குள் முற்றிலும் மாறிவிட்டது. வெளித்தோற்றத்தில் அம்மாற்றம் தெரிவதில்லை. பழைய கைப்பழக்கமும் மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உயிருக்கே கேடு விளையும் இடம் ஒன்று உண்டு. அதனை எளிய தமிழில் எழுதி வைப்பதும் தமிழ்ப்பணியே என்பது நம் கருத்து.

1886-இல் கார்ல் பென்சு காப்புரிமை பெற்ற மூன்று சக்கர ஊர்தியில் ஸ்டியரிங் வளையம் இல்லை. படகின் சுக்கானைப் பிடிப்பதுபோல் ஒரு கைப்பிடியையே ஓட்டுநர் பிடித்துத் திருப்பினார். 1894-இல் பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த ஊர்திப் போட்டியில் ஆல்பிரெடு வாஷரோன் என்பவர் தம் பன்ஹார்டு வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். வேகம் கூடக் கூட, ஒரே கைப்பிடியால் வண்டியை அடக்குதல் அரிதாயிற்று, வளையம் நிலைபெற்றது.

அவ்வளையத்தில் முதலில் குடியேறிய மின்பொருள் ஹாரன். அதன் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பொத்தான் வழியே ஹாரனுக்குப் பாய்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான கார்களில் உண்மை இதற்கு மறுதலை. பேட்டரியின் மின்சாரம் பியூஸ் வழியாக ஹாரன் ரிலேவரை வந்து எப்போதும் காத்து நிற்கிறது. ரிலேச் சுருளின் மறுமுனையிலிருந்து ஓர் ஒயர் ஸ்டியரிங் தண்டின் வழியே மேலேறிப் பொத்தானை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் அவ்வொயர் வண்டியின் உடலைத் தொடுகிறது. பட்டறையில் இதனை 'எர்த் கொடுப்பது' என்பர். சுற்று நிறைவுற்று, ஹாரன் ஒலிக்கிறது.

வளையம் சுழலும், ஒயரோ சுழலாது. இவ்விரண்டையும் இணைப்பதற்குப் பழைய கார்களில் வளையத்தின் அடிப்புறத்தில் ஒரு செப்பு வட்டமும், அதன்மேல் உரசி நிற்க ஸ்பிரிங் வைத்த ஒரு முனையும் இருக்கும். ஹாரன் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கின்றது. குறிப்பிட்ட ஒரு திருப்பத்தில் மட்டும் ஒலிக்கவில்லையெனில் செப்பு வட்டம் அவ்விடத்தில் தேய்ந்துள்ளது என்று கொள்க. யாரும் அழுத்தாமலே திருப்பும்போது அலறினால், எங்கோ ஒயரின் மேலுறை உரிந்து உடலைத் தொடுகிறது. அறவே ஒலிக்கவில்லையெனில், வளையத்தைக் கழற்றுமுன் பியூஸைப் பார்த்தல் வேண்டும். பின்னர் ரிலே 'டிக்' என்று ஓசையெழுப்புகிறதா என்று கேட்டறிதல் வேண்டும். அடுத்து, ஏர்பேக் இல்லாத பழைய வண்டியாயின், தண்டின் அடியில் ஹாரன் ஒயரைத் தனியே எர்த் செய்து பார்க்கலாம். ஒலித்தால் ஹாரனும் ரிலேயும் நலம். குற்றம் மேலே உள்ளது.

அனுபவமிக்கவர்களையும் ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு. சில வண்டிகளில் ஸ்டியரிங் தண்டின் நடுவே அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் அதன் இருபுறத்தையும் ஒரு சிறு பின்னல் கம்பியால் இணைத்திருப்பர். அக்கம்பி அறுந்தால் பொத்தான், ஒயர், ரிலே, ஹாரன் ஆகிய யாவும் நன்றாயிருந்தும் ஹாரன் ஊமையாகிவிடும். புதுப் பொத்தான், புது ரிலே, புது ஹாரன் என்று வரிசையாக வாங்கிப் பொருத்திக் காசிழந்தவர்களை நாம் அறிவோம்.

ஸ்டியரிங்கின் அடியில் இடப்புறமும் வலப்புறமும் நீண்டிருக்கும் சுவிட்சுத் தண்டுகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பழைய கார்கள் சிலவற்றில் முகப்பு விளக்கின் மின்சாரம் முழுவதும் இச்சுவிட்சின் வழியாகவே பாயும். 60 வாட் பல்புகள் இரண்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் போதவில்லையென்று 100 வாட் பல்பு போட்டால் அது 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். அந்தச் சுமைக்கு உருவாக்கப்படாத சுவிட்சின் முனைகள் கருகும், பிளாஸ்டிக் உருகும், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இருவிளக்கும் ஒருசேர அணையும். கருகிய சுவிட்சை மாற்றிவிட்டு அதே பல்பை வைத்திருப்பது பயனற்றது. உரிய பல்பைப் போடுதல் வேண்டும். விளக்குக்கென ரிலே பொருத்தினால் சுவிட்சின் சுமை இன்னும் குறையும்.

இனி வளையத்தைக் கழற்றும் முறை. முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். தண்டுக்கும் வளையத்துக்கும் பொதுவாக ஓர் அடையாளக் கோடு இடவேண்டும். தண்டின் முனையில் நுண்ணிய பற்கள் இருக்கின்றன. ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி நேரே ஓடும்போது வளையம் கோணலாய் நிற்கும். நட்டைத் தளர்த்தலாம்; முற்றிலும் எடுத்துவிடலாகாது. சில சுற்றுகள் விட்டுவைத்தால், இறுகிய வளையம் திடுமென விடுபடும்போது முகத்தில் மோதாது. பின்னர் புல்லர் என்னும் இழுவைக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் தண்டின் தலையில் அடிப்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம். ('மேஸ்திரி' போர்ச்சுகீசியர் தந்த சொல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.) 1960-களின் பிற்பகுதியிலிருந்து, மோதலின்போது ஓட்டுநரின் மார்பைக் குத்தாமல் தானே மடிந்துகொள்ளும் வகையில் ஸ்டியரிங் தண்டுகள் அமைக்கப்பட்டு வருகின்றன. சுத்தியல் அடி அந்த மடிப்பு அமைப்பைச் சிதைத்துவிடக்கூடும். சிதைந்தது வெளியே தெரியாது, விபத்தில்தான் தெரியும்.

இதுவரை சொன்னவை பழைய வளையத்துக்கு உரியன. இன்றைய வளையத்தின் நடுவில் வெடிமருந்து இருக்கிறது. இது மிகைக் கூற்றன்று. 1953-இல் ஜான் ஹெட்ரிக் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற காற்றுப்பைக் கருத்து படிப்படியாக வளர்ந்து இன்றைய ஏர்பேக் ஆயிற்று. இந்தியாவில் 2019 சூலை 1 முதல் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. முன்னிருக்கையில் அமரும் மற்றவருக்கும் 2021-இல் அவ்விதி விரிந்தது. மோதலை உணர்கருவி அறிந்ததும், மடித்துவைத்த பையின் பின்னால் உள்ள உலோகக் குடுவைக்கு மின்சாரம் செல்கிறது. அங்குள்ள மெல்லிய இழை சூடேறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து வாயுவாக மாறிப் பையை நிரப்புகிறது. இவையனைத்தும் ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் ஏறத்தாழ முப்பது பங்கு நேரத்தில் முடிந்துவிடுகின்றன. கண்ணிமைப்பதற்கு அதைவிட நீண்ட நேரம் ஆகும்.

ஆதலின் இவ்வளையத்தைத் தொடுமுன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய உடனே வேலையைத் தொடங்குதல் கூடாது. மோதலில் பேட்டரியே நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, ஏர்பேக் கணினியில் சிறிதளவு மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். அது வடிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அவ்வண்டியின் பணிக்கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுதல் வேண்டும். மஞ்சள் நிற ஒயர் இணைப்புகளைக் கண்டால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியன என்று அறிக. அவற்றில் டெஸ்ட் பல்பு வைத்துப் பார்ப்பதோ, ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதோ அறவே கூடாது; மீட்டரின் சிறு மின்சாரமே மருந்தைப் பற்றவைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை அதன் முகப்பு உடலுக்கு அப்பால் நோக்கியிருக்கத் தூக்கிச் சென்று, முகப்பு மேல்நோக்கியிருக்குமாறு மேசையில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது வெடித்தால் குடுவையே எறிகணைபோல் மேலெழும்.

ஏர்பேக்கை எடுத்தால் அடியில் தட்டையான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தென்படும். அதற்குக் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். கடிகாரத்தின் சுருள்வில்லை ஒத்த வடிவத்தால் பெற்ற காரணப்பெயர் அது. உள்ளே இருப்பது வில் அன்று, செப்புக் கீற்றுகள் பதித்த மெல்லிய நாடா. தேயும் செப்பு வட்டத்தை நம்பி ஏர்பேக்கை விட முடியாது என்பதால் இந்நாடா வந்தது. வளையம் நடுநிலையிலிருந்து ஒருபுறம் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திரும்பும். நாடாவுக்கு இருபுறமும் அதனினும் சற்றுக் கூடுதலாக, பெரும்பாலும் இரண்டரைச் சுற்றளவு, இடம் வைத்திருப்பர். நாடா நடுநிலையில் பொருத்தப்பட்டால் மட்டுமே இவ்விடம் இருபுறமும் சமமாக அமையும்.

முதுமையால் அறும் நாடாக்களும் உண்டு. கைத்தவறால் அறுபவையும் பல. கீழே ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றும்போது மேலே வளையம் கட்டற்று நிற்கிறது. சிறுவன் ஒருவன் விளையாட்டாய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். எல்லாவற்றையும் பூட்டிய பின் முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்துவிடும். வளையத்தைச் சீட் பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டிவைத்து வேலை செய்வதே தக்க காப்பு. நடுநிலை தவறிய நாடாவைச் சீராக்க, பெட்டியை மென்மையாக ஒருபுறம் முட்டும்வரை சுற்றி, பின் ஏட்டில் சொல்லியுள்ள சுற்றுகள் திருப்பி, அடையாளங்களை நேர்ப்படுத்துதல் வேண்டும். புதிதாக வாங்கும் பெட்டி நடுநிலையில் பூட்டப்பட்டே வரும்; பொருத்தி முடிக்கும்வரை அப்பூட்டை எடுத்தலாகாது.

ஹாரன் ஒலிக்கவில்லை, வளையத்திலுள்ள ரேடியோப் பொத்தான்கள் இயங்கவில்லை, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்னும் மூன்றும் ஒருசேரத் தோன்றின், நாடா அறுந்தது என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம். இவ்விடத்தில்தான் சில பட்டறைகளில் ஒரு தீய வழக்கம் புகுந்துள்ளது. ஏர்பேக் கணினி தன் சுற்றில் இரண்டு அல்லது மூன்று ஓம் அளவுள்ள தடை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டர் ஒன்றை ஒயரில் செருகினால் கணினி ஏமாறும்; விளக்கு அணையும். உரிமையாளர் கோளாறு நீங்கியது என்று மகிழ்ந்து செல்வார். அவர் முன் இருப்பது இனி வெறும் பிளாஸ்டிக் மூடி. நாடாவின் விலை ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது உண்மையே. வாங்க இயலாதவரிடம், "அண்ணே, பை வேலை செய்யாது, விளக்கு எரியட்டும், பணம் சேர்ந்ததும் மாற்றுங்கள்" என்று சொல்லியனுப்புவது நேர்மை. விளக்கை அணைத்துக் கொடுப்பது களவினும் கொடிது. களவில் பொருள்தான் போகும்.

ஏர்பேக்கே பகையாகும் நிலையும் ஒன்றுண்டு. சப்பானின் தகாட்டா நிறுவனம் தன் குடுவைகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. நெடுநாள் வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் அம்மருந்து சிதைந்து, எரிய வேண்டிய வேகத்துக்கு மேல் எரிந்து, குடுவையையே உடைத்து, உலோகத் துண்டுகளை ஓட்டுநர்மேல் பாய்ச்சியது. 2008-இல் சிறிய அளவில் தொடங்கிய திரும்பப்பெறுதல் உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிக் குடுவைகளை எட்டியது. 2017 சூன் திங்களில் அந்நிறுவனம் நொடிப்புநிலையை அறிவித்தது. அமெரிக்காவில் புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளின் வண்டிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என நீளும் நம் கடற்கரையின் காற்றும் அத்தகையதே. இந்தியாவிலும் பல நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்துக் குடுவைகளைக் கட்டணமின்றி மாற்றித் தந்தன. பழைய கார் வைத்திருப்போர் சேசிஸ் எண்ணைக் கொண்டு தம் வண்டியும் அப்பட்டியலில் உள்ளதா என்று அந்நிறுவனத்தின் பணிநிலையத்தில் கேட்டறியலாம். பழைய இரும்புக் கடையிலிருந்து ஏர்பேக் வாங்கிப் பொருத்துவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம்; அதன் வயதும் வரலாறும் எவருக்கும் தெரியாது.

மின்விசை ஸ்டியரிங்கைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள் போதும். நாம் திருப்பும் விசையை உணர்கருவி அளந்து சொல்ல, மோட்டார் உதவுகிறது. அம்மோட்டார் மிகுந்த மின்சாரம் உண்ணும். ஸ்டியரிங் திடுமெனக் கனத்து எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், பெட்டியைப் பிரிக்குமுன் பேட்டரியின் முனைகளில் வெண்பூஞ்சைபோல் உப்புப் பூத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அலைன்மென்ட் செய்த பின்னர்ச் சில வண்டிகளில் ஸ்டியரிங் கோணத்தைக் கணினியில் மீண்டும் சுழியமாக்க வேண்டியிருக்கும்.

பயன்படுத்திய கார் வாங்குவோர்க்கு எளிய சோதனை ஒன்று. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புக. ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் கோளாறு உண்டு. அதை விலையில் பேசிக்கொள்ளலாம். ஒருமுறையேனும் எரியவே இல்லையெனில், பல்பைப் பிடுங்கியோ ஒயரை வெட்டியோ யாரோ மறைத்திருக்கக்கூடும். மற்றொரு விளக்கின் ஒயரோடு இணைத்துவைக்கும் தந்திரமும் உண்டாகையால், அது வேறோர் எச்சரிக்கை விளக்கோடு ஒரே நொடியில் எரிந்து ஒரே நொடியில் அணைகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ரெசிஸ்டர் செருகிய வண்டியில் விளக்கு முறையாகவே எரிந்து அணையும். அதனை இச்சோதனை காட்டாது. அதற்கு ஸ்டியரிங் அடியிலுள்ள மூடியைக் கழற்றி, மஞ்சள் ஒயரில் கைவைத்த தடம் இருக்கிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் கண்ணால் பார்த்தல் வேண்டும்.