முழங்காலுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

என் பெரியப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அதுவரை சிகரெட்டையும் பீரையும் விட்டுவிடச் சொன்னார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா என்னிடம் கேட்டார்: "வெட்டப்போவது முட்டியை. புகை போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? நாற்பது வருஷமாகப் பிடிக்கிறேன். இனி ஒரு மாதம் விட்டு என்ன ஆகப்போகிறது?"

நல்ல கேள்விதான். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். விடச் சொல்பவர்கள் காரணத்தையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

சம்பந்தம் இரத்தத்தில் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் நம் இருக்கையை வேறொருவர் பிடித்துக்கொண்டு இறங்காமல் இருப்பது போல. போதாததற்கு, நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வெட்டிய இடம் ஒட்டுவதற்குக் கொலாஜன் என்னும் புரதம் உருவாக வேண்டும். அதற்கு ஆக்சிஜன் தேவை. கிருமிகளைக் கொல்லும் வெள்ளை அணுக்களுக்கும் அதே ஆக்சிஜன்தான் ஆயுதம். ஆக, புகை முட்டிக்கும் போகிறது!

"இனி விட்டு என்ன பயன்?" என்பதற்கு டென்மார்க்கில் பதில் கிடைத்தது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த 120 புகைப்பவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பிருந்தே தாதியின் ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் கிடைத்தன. 2002இல் வெளியான முடிவு: உதவி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன, மற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கு. நாற்பது வருடச் சேதம் முழுவதும் சில வாரங்களில் சரியாகிவிடாது. ஆனால் காயம் ஆறத் தேவையானவை அதற்குள் ஓரளவு மீண்டுவிடுகின்றன.

பீர் விஷயத்தில் தயக்கம் வேறு மாதிரி. "நான் என்ன குடிகாரனா?" என்று கோபித்துக்கொண்டார் பெரியப்பா. இந்த வெட்கத்தால்தான் பலர் மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்கிறார்கள். மது நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்துகிறது. இரத்தம் உறைவதையும் பாதிக்கிறது. 1999இல், அதே டென்மார்க்கில், குடல் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு மாதம் மதுவை நிறுத்திய அதிகம் குடிப்பவர்களில் 31 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. நிறுத்தாதவர்களில் 74 விழுக்காட்டினருக்கு வந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதனால் உண்மையான அளவைச் சொல்வது மிக முக்கியம்.

பெரியப்பா கடைசியாகத்தான் உண்மையைச் சொன்னார். "பயமாக இருக்கிறதம்மா. இந்த நேரத்தில் ஆறுதலுக்கு இருப்பது அது ஒன்றுதான்." நோயாளிகள் பலர் சொல்வதும் இதுவே. அந்த ஆறுதலில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த படபடப்பு அடங்குவதுதான். ஆனால் பயம் நிஜம். அதை யாரும் கேட்காமல் "விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் எப்படி விடுவார்?

பெரியம்மா தினமும் மாலையில் அவருடன் நடக்கப் போனார். கிளினிக்கில் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை வாங்கினோம். ஐந்து வாரம் சிகரெட்டைத் தொடவில்லை. காயமும் நன்றாக ஆறியது. இப்போதும் பிடிக்கிறாரா என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியம்மா தினமும் அவர் சட்டையை மோந்து பார்த்துத்தான் துவைக்கப் போடுகிறார்.